குடகனூரின் அடுப்புக் கணக்கு

இரண்டு வருஷத்துக்கு முன்னால், குடகனூரை நகராட்சி ஆக்க வேண்டும் என்று மனு எழுதியபோது, அந்த ஊரில் எழுபதாயிரம் பேர் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை, பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு ஆறு பிள்ளைகள், ஒரு வீட்டுக்குள் மூன்று குடும்பம் என்று மனுவில் இருந்தது. எழுதியவர் இளஞ்செழியன். மனு பலித்தது. ஊர் நகராட்சி ஆனது, இளஞ்செழியன் நகர்மன்றத் தலைவர் ஆனார், திண்டுக்கல் பைபாஸில் ஒரு தோரண வாயில் முளைத்தது. அதில் ஊர்ப் பெயரை விட அவர் பெயர் நாலு விரற்கடை பெரிது.

இந்த வருஷம் ஆடி மாதம், திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில், வட்டார வீட்டுத் தேவைக் குழு கூடியபோது, அதே இளஞ்செழியன் எழுந்து நின்று கைகூப்பினார்.

"ஐயா, எங்க ஊரு பேருக்குத்தான் நகராட்சி. இன்னைக்கும் மாடு கத்தித்தான் முழிக்கிறோம். இம்புட்டு வீட்டைக் கட்டிக் குடுத்தீங்கன்னா குடியிருக்க ஆளுக்கு நாங்க எங்க போறது?"

விஷயம் இதுதான். அடுத்த எட்டு வருஷத்தில் வட்டாரம் முழுவதும் வீடில்லாதவர்களுக்குப் பன்னிரண்டாயிரம் வீடு வேண்டும் என்று குழு கணக்குப் போட்டிருந்தது. ஒவ்வொரு நகரமும் ஒன்றியமும் தன் பங்குக்குத் தன் எல்லைக்குள் நிலம் ஒதுக்க வேண்டும். குடகனூரின் பங்கு ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.

பங்கு என்றால் நம் பக்கத்தில் சாதாரணச் சொல் இல்லை. கோயில் கெடாவெட்டில் ஒரு கூறு கறி குறைந்ததற்காக மூன்று தலைமுறை பேசாமல் இருக்கிற குடும்பங்கள் உண்டு. அந்த மண்ணில் முதல் தடவையாக எல்லாரும் எனக்குப் பங்கு அதிகம், குறையுங்கள் என்று கெஞ்சினார்கள். காரணம் இருந்தது. குடகனூரில் வீடு கட்டத் தோதான அரசு நிலம் ஒன்றே ஒன்று, பைபாஸுக்கு வடக்கே மேட்டுத்தோட்டம், பதினாலு ஏக்கர். அதை ஒட்டித் 'தளிர் அவென்யூ' என்று மனைகள் போட்டிருந்தார்கள். மன்ற உறுப்பினர்கள் பதினெட்டுப் பேரில் பதினோரு பேருக்கு அங்கே மனை இருந்தது தற்செயல். ஏழைக்கு வீடு கட்ட வேண்டும் என்பதில் அவர்களுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. மனைக்கு எதிரே கட்ட வேண்டுமா என்பதில்தான்.

தொப்பம்பட்டிப் பக்கத்து ஒன்றியத்தின் சார்பில் வந்திருந்த பொம்மையன் சிரிக்காமல் கேட்டார்.

"ஏனுங்க தலைவரே, மனு எழுதறப்ப எண்ணுன சனமெல்லாம் எங்கீங்க போச்சு? நோம்பிக்கு வந்துட்டுத் திரும்பிப் போயிருச்சுங்களா?"

மண்டபம் சிரித்தது. இளஞ்செழியன் உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்குப் பின்னால் இருந்த மதியழகன் எழுந்தார். இவர் குடகனூரின் திட்ட அலுவலர். மெல்லிய குரல், பணிவு, யாரையும் 'அம்மா', 'ஐயா' என்றுதான் பேசுவார். குழு கொடுத்த நூற்று நாற்பது பக்க வழிகாட்டி நெறிமுறையை அந்த மண்டபத்தில் முழுசாகப் படித்த ஒரே மனிதர். தொண்ணூற்றாறாம் பக்கத்தைப் பிரித்து வாசித்தார். வீடற்ற குடும்பம் என்பது சொந்த வீடு இல்லாமல், தனி அடுப்பில் சமைத்து உண்ணும் குடும்பம். ஆகவே, என்றார் மதியழகன், தலையை எண்ணக் கூடாது. அடுப்பைத்தான் எண்ண வேண்டும்.

எல்லா ஊர்க்காரர்களும் பேனாவை எடுத்துப் பக்க எண்ணைக் குறித்துக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்டது. பொம்மையனும் குறித்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் அடுப்பு எண்ண ஆள் போட்டார்கள். குடகனூர் ஓடைத்தெருவுக்கு வந்தவள் நாகஜோதி. பி.காம். படித்துவிட்டு ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற பெண். கையில் ஒரு டேப்லெட்.

ஓடைத்தெரு தெரு இல்லை, ஓடையின் கரை. நூற்றுப் பன்னிரண்டு குடும்பம். ஓடையை அகலப்படுத்தப் போகிறார்கள், தை மாதத்துக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. கணக்கில் வந்தவர்களுக்கு மேட்டுத்தோட்டத்தில் வீடு. வராதவர்கள் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போகலாம். தகரம் அவர்களுடையதுதான், அதில் நகராட்சிக்கு ஆட்சேபம் இல்லை.

அந்தக் கரையில் அந்தோணிமுத்துவின் வீடு பத்துக்குப் பன்னிரண்டு அடி. அவர் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். மனைவி இன்னாசியம்மாள், இரண்டு பெண் பிள்ளைகள். அதே வீட்டில் அவர் தம்பி ஜேசுராஜ், பெயின்டர். தம்பி மனைவி சகாயசெல்வி, நூல் மில்லில் வேலை. அவர்களுக்கு ஜீவிதா என்று ஒன்பது வயசில் ஒரு பெண். நடுவில் ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சேலைக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். அடுப்பு வைக்க இடம் ஒன்றுதான் இருந்தது.

"வீட்டுல எத்தனை அடுப்புக்கா?" என்று நாகஜோதி கேட்டாள்.

இந்தக் கேள்வியை எழுதியவர் எந்த ஊர்க்காரரோ தெரியாது. நம் பக்கத்தில் 'அடுப்புப் பிரிஞ்சிருச்சா?' என்று ஒரு வீட்டைப் பற்றிக் கேட்பது, 'பெரியவர் போயிட்டாராமே?' என்று கேட்கிற குரலில்தான். பெண் கேட்டு வருகிறவன் நகையைப் பற்றி அப்புறம் கேட்பான், முதலில் அடுப்பைப் பற்றி விசாரிப்பான். இன்னாசியம்மாளின் மூத்தவளுக்குப் பத்தொன்பது வயசு.

"ஒண்ணுதாம்மா. எங்க செல்வி வந்து பதினோரு வருசமாச்சு. இந்த வீட்டுல அடுப்புப் பிரிஞ்சுச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும் பாப்போம்."

சேலைக்குப் பின்னாலிருந்து செல்வி, அக்கா சமைக்கும், நான் சட்டி கழுவுவேன், அதையும் எழுதிக்கங்க என்று சிரித்தாள். நாகஜோதி, அரசாங்கம் சொல்லித்தராத ஒரு காரியம் செய்தாள். செத்த நேரம் நின்று, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கக்கா என்று இன்னொரு தடவை கேட்டாள். இன்னாசியம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. நம்பிக்கையில்லாட்டி உள்ளே வந்து பார் என்று கையைப் பிடித்து இழுத்துப்போய், கரி படிந்த அந்த ஒற்றை அடுப்பைக் காட்டினாள். நாகஜோதி ஒன்று என்று போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அடுத்த வீட்டிலும் மானம் இருந்தது. அங்கேயும் ஒன்று.

ஓடைத்தெருவின் நூற்றுப் பன்னிரண்டு குடும்பம், அடுப்புக் கணக்கில் முப்பத்தொன்பது ஆனது. குடகனூரின் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது, அறுநூற்றுப் பத்து ஆனது. பொம்மையனின் ஒன்றியத்தில் கூட்டுக் குடும்பப் பாசம் இன்னும் அதிகம் போல, அங்கே எண்பதுக்கு மேல் ஏறவில்லை. வட்டாரத்தின் வீட்டுப் பற்றாக்குறை, ஒரு செங்கல் வைக்காமல், ஒரே மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்துபோயிற்று.

பட்டியல் ஒட்டியபோது அந்தோணிமுத்துவின் பெயர் இருந்தது. ஜேசுராஜின் பெயர் இல்லை. ஒரு வீட்டில் ஒரு குடும்பம் மட்டுமே வசிக்க வேண்டும், மீறினால் ஒதுக்கீடு ரத்து என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. இன்னாசியம்மாள் அதை இரண்டு தடவை படித்தாள். தன் வாயால் செல்வியின் வீட்டைத் தின்றுவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவளைச் செல்விதான் தேற்றினாள். நானும்தானேக்கா சிரிச்சுக்கிட்டு நின்னேன் என்றாள்.

நாகஜோதியைத் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். பதினைந்து நாளைக்குள் ஆட்சேபம் கொடுக்கலாம், தனி அடுப்பு இருப்பதைக் காட்டினால் போதும் என்று அவள் சொன்னாள். ஒற்றை பர்னர் அடுப்பு ஒன்று வாங்கி, வாசலில் செல்வியின் பக்கமாக வைத்தார்கள்.

மதியழகனே நேரில் வந்தார், ஒரு குமாஸ்தாவுடன். பகல் பதினொரு மணி. செல்வி ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மதியழகன் இந்த அடுப்பின் சட்டியைத் திறந்து பார்த்தார். அந்த அடுப்பின் சட்டியைத் திறந்து பார்த்தார். இரண்டிலும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, ஒரே நிறம், ஒரே தாளிப்பு. வேலைக்குப் போய்விட்டு வந்தவள் வேகாத வெயிலில் எங்கே சமைக்கப்போகிறாள் என்று இன்னாசியம்மாள் இரண்டு சட்டியிலும் தானே வைத்துவிட்டிருந்தாள்.

"அடுப்பு ரெண்டு இருக்கும்மா. குழம்பு ஒண்ணா இருக்கே," என்றார் மதியழகன் வருத்தமாக. "பிரிஞ்ச குடும்பம் குழம்பு வெஞ்சனம் குடுத்து வாங்காதும்மா."

அவர் கெட்டவர் இல்லை. விதிப்படி இன்னொரு வாய்ப்பு உண்டு என்று அவரே சொன்னார். வியாழக்கிழமை வருவதாகவும், படிவத்தில் 'பிரிவின் காரணம்' என்று ஒரு கட்டம் இருப்பதாகவும், அதற்குத் திருப்தியான பதில் வேண்டும் என்றும், அக்கம்பக்கத்தார் முன்னிலையில் சொல்ல வேண்டும் என்றும் விளக்கிவிட்டுப் போனார். ஒரு குடும்பம் சேர்ந்திருப்பதற்கு யாரும் சான்று கேட்பதில்லை. சண்டைக்குத்தான் சாட்சி, தேதி, கையெழுத்து எல்லாம்.

நான்கு நாள் ஒத்திகை நடந்தது. பேசிக்கொள்ளக் கூடாது என்று முடிவு. செல்விக்கு அது முடியவில்லை. ஜீவிதாவிடம், உங்க பெரியம்மாகிட்ட உப்பு இருக்கான்னு கேளு என்பாள். மூன்றடி தள்ளி நிற்கிற பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். பக்கத்து வீட்டு குர்ஷித் பேகம்தான் காரணம் சொல்லிக்கொடுத்தது. சட்டி கழுவுறதுல சண்டைன்னு சொல்லுங்க, எல்லா வீட்டுலயும் நடக்குறது, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க என்றாள்.

வியாழக்கிழமை ஓடைத்தெருவே கூடி நின்றது. ஜேசுராஜ் கையெழுத்துப் போட வேலையிலிருந்து வந்திருந்தான், கையெல்லாம் பெயின்ட்டோடு. மதியழகனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அவர் இரண்டு சட்டியையும் திறந்து பார்த்தார். ஒன்றில் ரசம், ஒன்றில் கருவாட்டுக் குழம்பு. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, பேனாவைத் திறந்து காரணம் கேட்டார்.

சட்டி கழுவ மாட்டேங்கிறா என்று இன்னாசியம்மாள் சொன்னாள். அவங்க சொல்ற வேலைக்கெல்லாம் நான் ஆளில்லை என்று செல்வி ஒத்திகைப்படி சொன்னாள்.

குமாஸ்தா சிரித்தான். மதியழகனும் லேசாகச் சிரித்தார்.

"இதுக்கெல்லாமா அடுப்பைப் பிரிப்பாங்க? எங்க வீட்டுல தினம் நடக்குதும்மா."

பேனாவை மூடினார். அந்த மூடி விழுந்த சத்தம் இன்னாசியம்மாளுக்குக் கேட்டது. அது செல்வியின் வீட்டுக் கதவு. தை மாதம் இந்தத் தகரம் பிரிந்தால் இவள் அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பாள் என்ற ஒன்றுதான் அவள் மனசில் இருந்தது. இந்த ஆளை நம்பவைக்கிற மாதிரி ஒன்று வேண்டும். ஒரு பெண்ணைப் பற்றி யாரும் சாட்சி கேட்காமல் நம்புகிற விஷயம் எது என்று நாற்பத்தாறு வருஷம் இந்த ஊரில் வாழ்ந்தவளுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. அது நாக்கிலேயே இருந்தது.

"மில்லுக்குப் போறேன்னு போறா சார். மில்லுக்குத்தான் போறாளான்னு நான் கண்டேனா? அவ கொண்டாந்து போடுற சோத்த எம் பொம்பளப் பிள்ளைக தின்னணுமா?"

செல்வி முதலில் சிரிப்பை அடக்கத்தான் முந்தானையை வாயில் வைத்தாள். எடுத்தபோது சிரிப்பு இல்லை.

மதியழகன் பேனாவைத் திறந்தார்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா," என்று பரிவாகக் கேட்டுக்கொண்டே எழுதினார்.

ஆட்சேபம் ஏற்கப்பட்டது. குடகனூரின் தேவை அறுநூற்றுப் பதினொன்று ஆனது.

அன்று சாயங்காலமே இன்னாசியம்மாள் கொழுந்தனைத் தனியாகக் கூப்பிட்டு, அது வீட்டுக்காகச் சொன்ன பொய் என்று சொன்னாள். எனக்குத் தெரியாதா மதினி என்றான் ஜேசுராஜ். தெரியும் என்றுதான் எல்லாரிடமும் சொன்னான். ஆனால் மறுவாரம், எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று செல்வியிடம் கேட்டான். அதற்கடுத்து, சூப்பர்வைசர் பெயர் என்ன என்று கேட்டான். பெயரைச் சொன்னாள். எவ்வளவு சீக்கிரமா சொல்ற என்றான்.

இது இத்தோடு போயிருக்கலாம். ஆனால் இளஞ்செழியன் தலைவரானதிலிருந்து குடகனூரில் வெளிப்படைத்தன்மை என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. மன்றத்தில் நடப்பதைத் தவிர எல்லாமே வெளிப்படை. வந்த ஆட்சேபங்களின் பட்டியலை, எல்லாக் கட்டங்களோடும், பஸ் நிலையத்துக்கு எதிரே அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஏழாவது வரிசை: ஜேசுராஜ், ஓடைத்தெரு. பிரிவின் காரணம்: மனைவியின் நடத்தை.

மில் பஸ் நிற்பது அங்கேதான். யாரோ ஒரு போனில் படம் பிடித்தார்கள். மறுநாள் அது மில்லின் எல்லாப் போனிலும் இருந்தது. அந்த வாரம் ஜேசுராஜ் வேலைக்குப் போகாமல் மூன்று நாள் மில் கேட்டில் போய் நின்றான். மூன்றாம் நாள், எல்லாரும் பார்க்க, செல்வியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். அதன் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து, ஒரு கன்னத்தில் வீக்கத்தோடு ஜீவிதாவைக் கூட்டிக்கொண்டு சித்தையன்கோட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னாசியம்மாள் பஸ் நிலையம் வரைக்கும் பின்னாலேயே நடந்தாள். செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. ஜீவிதா மட்டும் பார்த்தாள்.

கார்த்திகையில் இறுதிச் சரிபார்ப்பு நடந்தது. ஜேசுராஜ் தனியாள். தனியாள் குடும்பம் ஆகாது, நூற்று மூன்றாம் பக்கம். பெயரை அடித்தார்கள். அறுநூற்றுப் பதினொன்று மறுபடியும் அறுநூற்றுப் பத்து ஆனது. திண்டுக்கல் மண்டபத்தில் நடந்த இறுதிக் கூட்டத்தில், கணக்கு முழு எண்ணாக இருந்தால் நிர்வாகத்துக்கு வசதி என்று இளஞ்செழியன் கேட்டுக்கொள்ள, குழு அதை அறுநூறு ஆக்கியது. அந்தப் பத்துக் குடும்பம் எது என்று யாரும் கேட்கவில்லை. பத்து என்பது குடும்பம் இல்லை, மீதி. பொறுப்பான பேச்சுவார்த்தைக்காக இளஞ்செழியனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொம்மையன்தான் போர்த்தினார்.

அந்த வாரமே இன்னாசியம்மாள் நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். மதியழகன் எழுந்து நின்று, உட்காருங்கம்மா என்றார். அவள் உட்காரவில்லை. அன்றைக்குச் சொன்னது பொய் என்றாள்.

"பொய்யின்னா அடுப்புப் பிரியலை. அப்ப ஒரு குடும்பம். இப்பவும் ஒண்ணுதானேம்மா இருக்கு. கணக்கு சரியாத்தான் இருக்கு."

"வீடு வேணாம் சார். பலகையில எழுதியிருக்குல்ல, அத மட்டும் எடுத்துருங்க."

மதியழகன் உண்மையிலேயே யோசித்தார். நெறிமுறையை எடுத்துப் புரட்டினார். பட்டியலைத் திருத்தக் கோருவதும் ஆட்சேபத்தில்தான் சேரும், ஆட்சேப காலம் முடிந்துவிட்டது, அரசாணை வரும் வரைக்கும் பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கு இருந்தாக வேண்டும், கிழித்தால் கிழித்தவர் மேல் வழக்கு வரும் என்றார். அரசாணை எப்போது வரும் என்று கேட்டாள். அது மேலே இருக்கும்மா என்று கூரையைக் காட்டினார்.

வெளியே வந்து பலகைக்கு முன்னால் நின்றாள். பலகைக்குக் கம்பிவலை போட்டிருந்தது. மழையில் ஓரம் நனைந்து முதல் நாலு வரிசை கரைந்து போயிருந்தது. ஏழாவது வரிசை நன்றாகத் தெரிந்தது.

அங்கிருந்தே சித்தையன்கோட்டைக்கு பஸ் ஏறினாள். செல்வியின் அம்மா வீட்டில் எல்லாரும் வெங்காயக் களத்துக்குப் போயிருந்தார்கள். செல்வி மட்டும் இருந்தாள். கன்னத்து வீக்கம் வடிந்திருந்தது, மெலிந்திருந்தாள். வாங்க என்றாள். அக்கா என்று சேர்க்கவில்லை.

இன்னாசியம்மாள் பஸ்ஸில் நெடுக யோசித்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னாள். அந்த ஆள் பேனாவை மூடியதைச் சொன்னாள். வீடு போகட்டும், தை மாதம் வாடகைக்கு ஒரு ரூம் பார்க்கலாம், எல்லாரும் ஒன்றாக இருக்கலாம், ஜேசுராஜிடம் பைபிளில் அடித்துச் சத்தியம் பண்ணுகிறேன், வா என்றாள்.

செல்வி எல்லாவற்றையும் கேட்டாள்.

"எனக்காகத்தான் சொன்னீங்கன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"பெறகு என்னத்தா?"

"நீங்க சத்தியம் பண்ணுனா நம்புவாரு. நீங்க சொல்லித்தானே அதையும் நம்புனாரு. நாளைக்கு வேற யாராச்சும் வேற ஒண்ணு சொல்லுவாங்க. பதினோரு வருசமா என்னைக் கூடவே இருந்து பாத்தவுக நீங்க. அப்படியும் அந்தப் பேச்சு உங்க வாயில ஒரு ஓரமா எப்பவும் இருந்துருக்குல்ல."

இன்னாசியம்மாளுக்கு இல்லை என்று சொல்லத் தோன்றியது. சொன்னால் அதுவும் ஒரு ஆட்சேபம்தான். அதற்கும் காலம் முடிந்துவிட்டது.

இருட்டுவதற்குள் கடைசி பஸ் போய்விடும், சாப்பிட்டுப் போங்க என்று செல்வி எழுந்தாள். சுவரோரம் பாய் விரித்தாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வாழை இலையைத் துடைத்துப் போட்டு, ஓரத்தில் உப்பு வைத்து, கூட்டும் பொரியலும் தனித்தனியாகப் பரிமாறி, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள். பதினோரு வருஷம் ஒரே தட்டில் மிச்சத்தை வழித்துத் தின்றவர்கள். யாரும் இல்லாத வீட்டில், முறையாக வந்த விருந்தாளியைக் கவனிப்பது போல, இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க என்றாள்.

இன்னாசியம்மாள் போட்டுக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லுகிற உரிமை விருந்தாளிக்குக் கிடையாது.